ரேஞ்ச்ஃபைண்டர் உள்ள பைனாகுலர்: என்ன சொல் வைக்கலாம்?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

வேட்டைக்குப் பைனாகுலர் தேர்ந்தெடுப்போருக்கான வழிகாட்டி ஒன்று தமிழில் தயாராகிறது. பைனாகுலருக்கு ‘இருகண்நோக்கி’ என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. பார்க்கும் பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளந்து காட்டும் ரேஞ்ச்ஃபைண்டரில்தான் வண்டி நிற்கிறது. வழிகாட்டி மூன்று வகைகளை ஒப்பிடுகிறது: லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் உள்ளேயே இருக்கும் இருகண்நோக்கி, அது இல்லாத வெறும் இருகண்நோக்கி, வெறும் இருகண்நோக்கியோடு தனியாக ஒரு கையடக்க ரேஞ்ச்ஃபைண்டர். மூன்றும் ஒரே பத்தியில் மாறி மாறி வரும். வரைவில் ‘வீச்சறி இருகண்நோக்கி’ என்று இருக்கிறது. வீச்சு என்றதும் துப்பாக்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதைத்தான் படிப்பவர் நினைக்கிறார். மாற்றுச் சொல் வேண்டும். அட்டவணையிலும் அடங்க வேண்டும்.

மடல் 2

> வீச்சறி இருகண்நோக்கி

ஐயா, வீச்சை விட்டுவிடலாம். இந்தக் கருவிக்குத் துப்பாக்கியைப் பற்றி எதுவும் தெரியாது. பெரும்பாலும் 905 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்பை அனுப்புகிறது. அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒரு மீட்டர் தொலைவுக்குப் போய்வர ஒளிக்கு ஏறத்தாழ 6.67 நானோநொடி, 300 மீட்டருக்கு 2 மைக்ரோநொடி. அந்த நேரத்திலிருந்து தொலைவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. வெப்பமானி, வேகமானி வரிசையில் ‘தொலைவுமானி’ என்பதே சரி. ‘தொலைமானி’ என்று சுருக்கினால் தொலைவிலிருந்து அளவிடும் டெலிமெட்ரிக் கருவியோடு குழம்பும். அந்த ‘வு’ இருக்கட்டும்.

இதைவிட முக்கியமான இன்னொன்று. விவரக்குறிப்பில் ‘ரேஞ்ச்’ இரண்டு பொருளில் வரும். திரையில் தெரியும் எண் ஒன்று. கருவியால் அதிகபட்சம் எதுவரை அளக்க முடியும் என்பது மற்றொன்று. வாங்குபவர் ஏமாறுவது இரண்டாவதில்தான். பெட்டியில் 2,000 மீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பளிச்சென்று ஒளியைத் திருப்பும் பலகைக்கு. மரத்துக்கு அது குறையும். மானின் தோலுக்கு இன்னும் குறையும். பாதிக்கும் கீழே போவது சாதாரணம். உச்சி வெயிலில் சூரிய ஒளியின் குறுக்கீடு ஏறி மேலும் சுருங்கும். ஆகவே முதலாவதைத் ‘தொலைவு’ என்றும், இரண்டாவதை ‘எட்டம்’ என்றும் பிரித்து எழுத வேண்டும். பலகை எட்டம், மர எட்டம், மான் எட்டம் என்று மூன்று கட்டங்கள் அட்டவணையில் இருக்கட்டும். மான் எட்டம் கொடுக்காத தயாரிப்பாளரின் கட்டம் காலியாகவே நிற்கட்டும், வாசகருக்கு அதுவே தகவல்.

மடல் 3

தொலைவுமானிக்கு என் வாக்கும் உண்டு. ஆனால் ‘தொலைவுமானி பொதிந்த இருகண்நோக்கி’ என்று ஒவ்வொரு வரியிலும் எழுதினால் மூச்சு முட்டும். ஏவுகணை, ஊறுகாய், சுடுநீர் எல்லாம் வினைத்தொகைகள். முக்காலத்தையும் அடக்கிக்கொண்டு சுருக்கமாக நிற்கின்றன. அதே வழியில் ‘அளநோக்கி’ என்றால் என்ன? அளந்த, அளக்கின்ற, அளக்கும் நோக்கி. ஐந்தே எழுத்து, அட்டவணைத் தலைப்பில் உட்காரும்.

மடல் 4

> அளநோக்கி

இலக்கணம் பொருந்துகிறது, காது ஒப்பவில்லை. உப்பளம் முதலில் நினைவுக்கு வரும். அதைப் பழக்கத்தில் சரிசெய்துவிடலாம் என்றாலும், பொருளிலேயே ஓர் இடிப்பு இருக்கிறது. கப்பலில் பயன்படும் 7×50 (7 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 50 மி.மீ.) இருகண்நோக்கிகள் பலவற்றில் மில் (1,000 மீட்டரில் ஏறத்தாழ 1 மீட்டரை அடக்கும் கோண அலகு) கணக்கில் கோடு போட்ட கண்ணாடி இருக்கும். அதை வைத்தும் தொலைவு கணிக்கிறார்கள்: பொருளின் உயரத்தை மீட்டரில் எடுத்து, 1,000-ஆல் பெருக்கி, அது மறைக்கும் மில் எண்ணால் வகுத்தால் தொலைவு மீட்டரில் வரும். 0.9 மீட்டர் உயரம் என்று நினைத்த விலங்கு 3 மில் மறைத்தால் 300 மீட்டர். அதன் உண்மையான உயரம் 0.75 மீட்டர் என்றால் அது நிற்பது 250 மீட்டரில். உயர ஊகம் தப்பினால் விடையும் அதே விகிதத்தில் தப்பும். லேசரில் இந்த ஊகமே கிடையாது. அளநோக்கி என்றால் இரண்டும் ஒரே கூட்டில் விழுந்துவிடும். கோடு போட்டதை ‘அளவுக்கோட்டு இருகண்நோக்கி’ என்று தனியே வைப்போம். மானி என்ற சொல்லை லேசர் உள்ளதற்கு மட்டும் ஒதுக்குவோம்.

மடல் 5

மானியை ஒதுக்கியது நல்ல முடிவு. அடைமொழியையும் பார்த்துவிடலாம். ‘பொதிந்த’ என்பதை நான் விடாமல் பிடிப்பேன், ‘இணைந்த’ கூடாது. காரணம் உள்ளே நடப்பது.

இது இருகண்நோக்கியின் முதுகில் ஒட்டிய பெட்டி இல்லை. பல வடிவமைப்புகளில் லேசர் ஒரு குழலின் வில்லை வழியாகவே போய், மற்றக் குழலின் வழியாகத் திரும்பி உணரிக்கு வருகிறது. அகச்சிவப்பைப் பிரித்தெடுக்கவும், திரையின் சிவப்பு எண்களைக் கண்ணுக்குக் கொண்டுவரவும் முப்பட்டகத்தில் தனிப்பூச்சு வேண்டும். அந்தப் பூச்சு காணும் ஒளியிலும் சிறிது பிடித்துக்கொள்ளும். சில கருவிகளில் ஒரு குழலில் மட்டும் லேசான நிறச்சாயல் தெரியும். வெள்ளைச் சுவரை இடக்கண், வலக்கண் என மாற்றி மாற்றிப் பார்த்தால் பிடிபடும். அதே விலையில் தொலைவுமானி இல்லாத கருவி பெரும்பாலும் நல்ல கண்ணாடி தருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம், மின்னணுவுக்குப் போகும் பணம் இன்னொரு காரணம்.

அந்திநேரத்தில் இந்த வேறுபாடு உறைக்கும். 10×42 கருவியில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 42-ஐ 10-ஆல் வகுத்து 4.2 மி.மீ.; 8×42-ல் 5.25, 8×56-ல் 7. கற்றை அகன்றால் இருட்டில் காட்சி துலங்கும். இருட்டும் வேளையில் மட்டுமே உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தொலைவுமானியை விட 8×56 பயன்படும். எடையும் உண்டு: வெறும் 10×42 பொதுவாக 650 முதல் 850 கிராம், தொலைவுமானி பொதிந்தது 900-ஐ ஒட்டியோ தாண்டியோ. வேட்டைக்காரர் கைக்கு இந்த வகையை 1992-இல் லைக்கா ஜியோவிட் கொண்டுவந்தது. அன்று முதல் எடை இறங்கிக்கொண்டே வந்தாலும் இடைவெளி முழுக்க மூடவில்லை.

வாங்கியதும் செய்ய வேண்டிய இரண்டை வழிகாட்டியில் கட்டாயம் சேருங்கள். முதலில் எண் தெரியும் குழலின் டயாப்டரை (அவரவர் கண்ணுக்கு ஏற்பத் தெளிவைச் சரிசெய்யும் வளையம்) திருப்பி, எண்ணும், எதை அளக்கிறோம் என்று காட்டும் குறியும் கூர்மையாகத் தெரியச் செய்ய வேண்டும். பிறகு நடுச்சக்கரத்தால் அதே கண்ணுக்குக் காட்சியைக் கூர்மையாக்க வேண்டும். கடைசியில் மற்றக் குழலின் டயாப்டர். வரிசை மாறினால் காட்சி தெளியும், எண் மங்கும். கருவி பழுது என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

இரண்டாவது, குறியும் கற்றையும் ஒரே இடத்தில்தான் விழுகின்றனவா என்ற சோதனை. 100 மீட்டர் அளவில் தனியாக நிற்கும் கம்பம், அதற்குப் பின்னால் வெகுதூரத்துக்கு ஒன்றுமில்லாத வெளி. கருவியைத் தாங்கியில் வைத்து, தொடர்ந்து அளக்கும் முறையில் குறியை இடமிருந்து கம்பத்தை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். எந்த இடத்தில் 100 வருகிறது, எந்த இடத்தில் போகிறது என்று பாருங்கள். வலமிருந்தும் அப்படியே. பிறகு ஒரு கூரை விளிம்பில் மேலும் கீழும். குறி கம்பத்தைத் தொடும் முன்பே ஒரு பக்கம் 100 வந்து, மறுபக்கம் குறி கம்பத்தின் மேல் இருக்கும்போதே 100 மறைந்தால், கற்றை அந்த அளவுக்கு விலகி நிற்கிறது. விலங்கை அளப்பதாக நினைத்து அதன் பின்னாலுள்ள சரிவை அளப்பது இப்படித்தான்.

மடல் 6

கற்றையைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், அதற்கும் சொல் வேண்டும். ‘கற்றை விரிவு’ போதும். 1.5 × 0.5 மில்லிரேடியன் (1,000 மீட்டருக்கு 1 மீட்டர் விரியும் கோணம் ஒரு மில்லிரேடியன்) என்றால் 600 மீட்டரில் 0.9 × 0.3 மீட்டர் அகலும். புல்லுக்கு மேல் தலை மட்டும் தெரியும் மானுக்கு இது பெரிது. புல்லிலும் படும், பின்மரத்திலும் படும். அப்போது எந்தத் திரும்பல் கணக்கு என்று கருவிக்குச் சொல்லும் முறைகளை ‘முன்னெதிரொளி’, ‘பின்னெதிரொளி’ என்று எழுதலாம். புல், தூறல், மெல்லிய மூடுபனிக்குப் பின்னெதிரொளி. பின்னால் காடு அடர்ந்திருக்க, முன்னால் திறந்த வெளியில் நிற்கும் விலங்குக்கு முன்னெதிரொளி. அடர்ந்த பனியில் எந்த முறையும் எடுபடாது.

‘தொலைவு’ என்பதும் மலைச்சரிவில் இரண்டாகும். 30 பாகைச் சரிவில் நேராக அளந்த 400 மீட்டர் ‘சாய்தொலைவு’. கோசைன் பெருக்கி வரும் 346 மீட்டர் ‘கிடைத்தொலைவு’. குறி வைப்பது கிடைத்தொலைவுக்கு நெருங்கி இருக்க வேண்டும். சாய்தொலைவை மட்டும் காட்டும் கருவியை நம்பிச் சுட்டால் குண்டு மேலே போகும், ஏறினாலும் இறங்கினாலும் மேலேதான். கோணத் திருத்தம் உண்டா என்பது மலையில் வேட்டையாடுபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

வில்லாளிக்கு என் பரிந்துரை வேறு. 20 முதல் 40 மீட்டருக்குள் அவருக்கு 200 கிராம் அளவிலான கையடக்கத் தொலைவுமானியும் இலேசான 8×32-ம் போதும். நீள்தொலைவில் மேடு மேடாகத் தேடுபவருக்கோ, விலங்கைக் கண்ட கண்ணை எடுக்காமலே விசையை அழுத்த முடிவது பெரிய வசதி. கருவி மாற்றும் நேரத்தில் அது புதருக்குள் போய்விடும்.

மடல் 7

எல்லோருக்கும் நன்றி. முழுப்பெயர் ‘தொலைவுமானி பொதிந்த இருகண்நோக்கி’. முதல் முறை சொன்ன பிறகு ‘மானிநோக்கி’. தனியானது ‘கையடக்கத் தொலைவுமானி’. பத்தி இப்படித் திருந்துகிறது:

“மானிநோக்கியின் மின்கலம் தீர்ந்தாலும் அது இருகண்நோக்கியாக வேலை செய்யும். ஆனால் மின்னணு பழுதானால் கருவி முழுவதும் பழுதுபார்க்கப் போகும். அதுவரை உங்களிடம் இரண்டும் இருக்காது. கடுங்குளிரில் சிஆர்2 என்ற சிறிய லித்தியம் மின்கலம் சீக்கிரம் தளரும், மாற்று மின்கலத்தை உடலோடு ஒட்டிய பையில் வையுங்கள். எட்டத்தைப் பார்க்கும்போது மான் எட்டத்தை மட்டும் பாருங்கள். நீங்கள் சுடத் துணியும் மிக நீண்ட தொலைவைவிட அது கூடுதலாக இருந்தால் போதும்.”

மடல் 8

‘மானிநோக்கி’ பொருந்துகிறது. ஒரே திருத்தம்: ‘சுடத் துணியும்’ என்பதைச் ‘சுடத் தேர்ந்த’ என்று மாற்றுங்கள். அளந்து சொல்ல முடிகிறது என்பதற்காக யாரும் 600 மீட்டரில் சுடக் கூடாது; அடிபட்டு ஓடும் விலங்கின் வேதனைக்கு அந்தச் சொல் வழிவிடக் கூடாது.