அதே கேப்பை மாவு, போன வாரம் இளகலாக வந்தது, இப்போது இறுகுகிறது. ஏன்?

செல்லூர் அம்மாச்சி:
பேத்திக்கு எட்டு மாதம். கேப்பையை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளைவிட்டதும் மொட்டை மாடியில் காயவைத்து மில்லில் அரைத்து வந்தேன். போன வாரம் கூழ் ஸ்பூனில் ஊட்டுகிற பதத்தில் இருந்தது. இந்த வாரம் அதே மாவு, அதே தண்ணீர், ஆனால் களி மாதிரி இறுகுகிறது. பிள்ளை துப்பிவிடுகிறாள். தண்ணீரைக் கூட்டினால் நாலு வாயில் வயிறு நிறைந்துவிடுகிறது, மாவு உள்ளே போவதே இல்லை. மாவு கெட்டுவிட்டதா?

மேலூர் தம்பி:
காய்ந்த பிறகு வறுத்தீர்களா அம்மாச்சி? எங்கள் வீட்டில் வாசனைக்காகச் சிவக்க வறுத்த மாவும் இப்படித்தான் இறுகியது.

செல்லூர் அம்மாச்சி:
வறுக்கவில்லை தம்பி. இந்த வாரம் மகள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கரைத்த மாவை ஊற்றிவிடுகிறேன். முன்பு பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் அடுப்பில் வைப்பேன்.

திருமங்கலம் ஆசிரியை:
மாவு நல்ல மாவுதான் அம்மா, கொதிநீர்தான் காரணம். முளைவிடும்போது கேப்பைக்குள் அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை அது துண்டு துண்டாக வெட்டும், கூழ் இளகும். பச்சைத் தண்ணீரில் அது மந்தமாக இருக்கும், சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும். 60 டிகிரியைத் தாண்டும்போது மாவும் வெந்து உப்பி, வெட்டுவதற்குத் தோதாகிறது. ஆனால் நொதி ஒரு புரதம். 80 டிகிரிக்கு மேல் அதன் உருவமே குலைந்துவிடும், ஆறவைத்தாலும் திரும்பாது. வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டையாகுமா? கொதிநீரில் ஊற்றினால் அதற்கு வேலை செய்ய நேரமே இல்லை. மேலூர் தம்பி வீட்டு மாவுக்கு வாணலியிலேயே இது நடந்திருக்கும்.

பச்சைத் தண்ணீரில் கரைத்துச் சிறுதீயில் கிண்டுங்கள். ஆவி வந்து கெட்டியாகத் தொடங்கியதும் தீயை இன்னும் குறைத்துப் பத்து நிமிடம் கிண்டுங்கள். அப்புறம் கட்டாயம் ஒரு கொதி வரட்டும். முளைகட்டிய தானியத்தில் கிருமி இருக்கும், பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். இப்படிச் செய்தால் மாவைக் குறைக்காமலே பதம் வரும்.

மேலூர் தம்பி:
பெரியவர்களுக்குப் புளித்த மோரில் கரைத்துக் காய்ச்சலாமா டீச்சர்?

திருமங்கலம் ஆசிரியை:
புளிப்பு மிஞ்சினாலும் நொதி தளர்ந்துவிடும். கூழ் ஆறிய பிறகு மோர் ஊற்றுங்கள்.

செல்லூர் அம்மாச்சி:
இன்று காலை நீங்கள் சொன்னபடியே செய்தேன் டீச்சர். ஏழெட்டு நிமிடத்தில் கரண்டியிலிருந்து வழிய ஆரம்பித்தது. பிள்ளை துப்பவில்லை, கிண்ணம் காலி. நாளையிலிருந்து கால்மணி நேரம் முன்னதாகவே எழுந்துவிடுகிறேன்.