ஐடியே குடுக்கல, ஆனா டூப்ளிகேட் கீ எரர் வருது, எப்படி?

புதுசு_கண்ணா:
வணக்கம் மக்களே, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல கஸ்டமர்ஸ்னு ஒரு டேபிள், ஐடிங்கற காலம் (column)தான் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு ரோவுக்கும் தனி அடையாளம், டைப் சீரியல் (நம்பர் தானா விழும்). பழைய டேட்டாவ சிஎஸ்வி ஃபைல்ல இருந்து காப்பி கமாண்ட் போட்டு ஐடியோட சேத்து ஏத்துனேன், 4,200 ரோ, ஒரு எரர் இல்லாம ஏறிடுச்சு. இப்ப ஆப்ல இருந்து புது கஸ்டமர இன்சர்ட் பண்ணா டூப்ளிகேட் கீன்னு கத்துது, கோடு 23505. நான் அனுப்புறது பேரும் ஈமெயிலும் மட்டும்தான், அப்புறம் எங்கிருந்து டூப்ளிகேட்? இதுல வேடிக்கை, முதல்ல ஐடி 1 ஏற்கனவே இருக்குன்னுச்சு, திரும்ப ஓட்டுனா 2ங்குது, அப்புறம் 3. பேசாம பிரைமரி கீய தூக்கிடலாமா?

குவெரி_குமார்:
ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் போடுங்க ப்ரோ, எரரே வராது.

இண்டெக்ஸ்_ஆத்தா:
ஐயோ அத மட்டும் பண்ணிடாதீங்க. எரர் வராதுதான், கஸ்டமரும் உள்ள வரமாட்டாரு, சத்தமில்லாம அந்த ரோவ விட்டுட்டுப் போயிடும், நாலு மாசம் கழிச்சு ஆளக் காணோம்னு தேடுவீங்க.

நீங்க சொன்ன அந்த 1, 2, 3லயே விஷயம் இருக்கு. சீரியல்னா பின்னாடி தனியா ஒரு சீக்வென்ஸ், அதாவது நம்பர் குடுக்குற கவுண்டர், ஓடும், நீங்க ஐடி குடுக்கலன்னா அதுல இருந்து அடுத்த நம்பர எடுத்துக்கும். ஐடியோட காப்பி பண்ணும்போது அந்த சீக்வென்ஸ யாரும் தொடல, அது இன்னும் ஆரம்பத்துலயே நிக்குது, டேபிள்ல என்ன இருக்குன்னு அது எட்டிப் பாக்கவே பாக்காது. இன்சர்ட் ஃபெயில் ஆனாலும் எடுத்த நம்பரத் திருப்பி வைக்காது, அதான் ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ஏறுது. சீக்வென்ஸோட நம்பர மாத்துற செட்வால் ஃபங்ஷன்ல டேபிளோட மேக்ஸ் ஐடிய குடுத்து ஒரு தடவ ஓட்டுங்க, அடுத்த இன்சர்ட் அதுக்கு மேல இருந்து போகும். ஆப்ல மேக்ஸ் பிளஸ் ஒண்ணுன்னு நீங்களே கணக்கு போடாதீங்க, ரெண்டு பேரு ஒரே நேரத்துல வந்தா ரெண்டு பேருக்கும் அதே நம்பர் கிடைக்கும்.

புதுசு_கண்ணா:
செட்வால் வேல செஞ்சிடுச்சு, ரொம்ப நன்றிக்கா! ஆனா இப்பதான் பாக்குறேன், ஒரே ஈமெயில் ரெண்டு மூணு ஐடில இருக்கு. பிரைமரி கீ இத ஏன் தடுக்கல?

இண்டெக்ஸ்_ஆத்தா:
அதுக்கு ஐடி திரும்ப வரக்கூடாது, காலியா இருக்கக்கூடாது, அவ்ளோதான் தெரியும். ஐடி வேற வேறன்னா அதப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் வேற ஆளு. ஈமெயிலுக்குத் தனியா யூனிக் (ஒரே மதிப்பு ரெண்டு தடவ வரக்கூடாதுங்கற ரூல்) வேணும், ஆனா டூப்ளிகேட் இருக்கும்போதே போட்டா ஏத்துக்காது. ஈமெயில லோயர்கேஸ்ல குரூப் பை பண்ணி, ஹேவிங் கவுண்ட் ஒண்ணுக்கு மேலன்னு போட்டு, திரும்பத் திரும்ப வர்ற ஈமெயிலோட லிஸ்ட் எடுங்க, எந்த ஐடிய வச்சுக்கணும்னு முடிவு பண்ணி, ஆர்டர்ஸ் மாதிரி வேற டேபிள் எது மத்த ஐடிய புடிச்சிட்டு இருக்கோ அத முதல்ல மாத்திட்டு, அப்புறமா டெலீட். எல்லாம் ஒரே டிரான்சாக்ஷன்ல, அதாவது நடந்தா மொத்தமா நடக்கணும், இல்லன்னா எதுவுமே நடக்கக்கூடாது.

நல்_எதிரி:
அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க. சாதா யூனிக் போட்டா பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்துல அதே ஈமெயில் நுழைஞ்சிடும், லோயர் ஃபங்ஷன் வச்சு யூனிக் இண்டெக்ஸா போடுங்க. அப்பவும் நல் (null, மதிப்பே இல்லாத காலி இடம்) எத்தன வேணா உள்ள வரும், ஏன்னா நல்லும் நல்லும் சமம்னு அது நினைக்காது. ஈமெயில் கட்டாயம்னா நாட் நல் போட்டுடுங்க.