மல்ம்குவிஸ்ட் பக்கச்சார்பு என்றால் என்ன?

கனகராயன்:
உயர்தரச் சோதனை முடிந்து வீட்டில் இருக்கிறேன். விண்மீன் திரள்களின் தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று வாசித்தால் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. இது வானியலா, புள்ளிவிபரவியலா? யாராவது விளக்குங்களேன்.

முறிகண்டியான்:
இரண்டும்தான் தம்பி. குன்னார் மல்ம்குவிஸ்ட் சுவீடன்காரர், லுண்டில் படித்தவர், 1922இல் இதைக் கணக்காக எழுதினார். இன்ன பிரகாசத்துக்கு மேல் தெரிகிறதை மட்டும் பட்டியல் போட்டால், தூரம் கூடக் கூட மங்கலானவை கழன்றுபோய், இயல்பிலேயே ஒளி கூடியவை மட்டும் மிஞ்சும். அதில் சராசரி எடுத்தால் உண்மையை விடக் கூடத்தான் வரும். இரவில் மாங்குளத்துக்குக் கிட்ட ஏ9 வீதியில் நின்று பாருங்கள், கிட்டத்தில் சைக்கிள் லாம்பும் தெரியும், தூரத்தில் லொறி வெளிச்சம் மட்டும்தான், அதற்காக அங்கே சைக்கிளே ஓடவில்லை என்று சொல்ல ஏலுமா? எங்கள் வானமும் அப்படித்தான். கேட்டை நட்சத்திரம் 500 ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தும் பளிச்சென்று தெரிகிறது, 4.2 ஒளியாண்டில் இருக்கிற பிரொக்சிமா சென்டோரி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. விண்மீன்களில் முக்கால்வாசி அதைப் போன்ற செங்குறளிகள், அதாவது சின்ன, மங்கலான சிவப்பு விண்மீன்கள், ஒன்றைக்கூட வெறுங்கண்ணால் பார்க்க முடியாது.

வவுனிக்குளம்:
ஆங்கில வானியலாளர் எடிங்டனின் பெயரில் எடிங்டன் பக்கச்சார்பு என்று 1913இலேயே வந்துவிட்டதே, அதுதானே இது?

முறிகண்டியான்:
இல்லை அண்ணை, குழப்பாதீர்கள். எடிங்டன் சொன்னது அளவீட்டுப் பிழையைப் பற்றி. மங்கலானவை எண்ணிக்கையில் கூட என்பதால், பிழையினால் மேலே ஏறிப் பட்டியலுக்குள் வருகிறவை கீழே இறங்குகிறவற்றை விடக் கூடிவிடும். மல்ம்குவிஸ்டுக்கு அளவீட்டில் பிழையே தேவையில்லை, துல்லியமாக அளந்தாலும் இந்தக் கோணல் இருக்கும்.

கனகராயன்:
நன்றி அண்ணா. அப்போ பெரிய தொலைகாட்டி வைத்தால் சரிவருமா?

முறிகண்டியான்:
வராது, எல்லை கொஞ்சம் தள்ளிப்போகும், அங்கேயும் இதே கதைதான். ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் மங்கலானவையும் தப்பாமல் அகப்படும் என்றால் அதற்குள் இருப்பதை மட்டும் எடுப்பது நல்ல வழி, ஆனால் தரவு பாதியாகிவிடும் என்று ஆட்களுக்கு மனம் வராது. மற்றது மல்ம்குவிஸ்டின் திருத்தம்: ஒளிப்பருமன்களின் (விண்மீன்களின் இயல்பான பிரகாசத்தைக் காட்டும் அளவு) நியம விலகலை, அதாவது அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை, வர்க்கித்து 1.38ஆல் பெருக்க வேண்டும். விலகல் 0.5 என்றால் சராசரி ஏறக்குறைய 0.35 பருமன் பிரகாசமாகக் காட்டியிருக்கும். ஆனால் விண்மீன்கள் விண்வெளியில் எங்கும் சீராகப் பரந்திருக்கின்றன, ஒளிப்பருமன்கள் மணி வடிவச் செவ்வன் பரம்பலில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் அந்த 1.38 வருகிறது, அதைப் பார்க்காமல் போட்டுவிடாதீர்கள்.