தம்பி டூவீலருக்கு எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) போடப் போகிறான், கொஞ்சம் சொல்லுங்களேன்

அண்ணன்களே, அக்காக்களே, தம்பிக்குப் போன மாதம் 18 முடிந்தது. தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். சாலைச் சின்னங்களையெல்லாம் கடகடவென ஒப்பிக்கிறான், டெஸ்டில் தேறிவிடுவான், அது பிரச்சினை இல்லை. எனக்குப் பயமெல்லாம் எண்ணூர் விரைவுச் சாலைதான். கன்டெய்னர் டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் எவ்வளவு உள்ளே வெட்டிக்கொண்டு வரும், கண்ணாடியில் டிரைவர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நம்மைத் தெரியாது, இதெல்லாம் அவன் படிக்கிற கேள்விகளில் நான் பார்க்கவே இல்லை.

அப்புறம் பிரேக். முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், சைக்கிளில்கூட பின் பிரேக் மட்டும்தான் பிடிக்கிறான்! வண்டியை நிறுத்துகிற பலம் பெரும்பாலும் முன்சக்கரத்தில்தான், இரண்டையும் சேர்த்துச் சீராக அழுத்து என்றால் கேட்டால்தானே. மணல் கிடக்கிற ரோட்டில் எப்படிப் பிடிப்பது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை, அனுபவசாலிகள் யாராவது எழுதுங்கள்.

எல்எல்ஆர் வந்து 30 நாள் கழித்துதான் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போக முடியும். அந்த ஒரு மாதம் லாரித் தொல்லை இல்லாமல் பழக ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இடம் இருக்கிறதா? பின்னால் உட்கார்ந்து சொல்லித்தர லைசென்ஸ் உள்ள, பொறுமையான ஆளும் வேண்டும். எங்கள் மாமா கத்தியே பையனைக் கீழே தள்ளிவிடுவார்.