கராஜ் கதவு திறக்காமல் சதி செய்த நாள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மார்க்கம்_வடலி:
போன ஜனவரியில் நடந்தது. இரவு கராஜ் பக்கம் வெடி போட்டதுபோல ஒரு சத்தம். எழும்பிப் போய் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை, கண்ணாடி உடையவில்லை, கார் அப்படியே நின்றது. சரி என்று வந்து படுத்துவிட்டேன்.

காலை 7 மணிக்கு அம்மா டயாலிசிசுக்குப் போயிருக்க வேண்டும். வெளியே மைனஸ் 20. அம்மாவைக் கோட்டு, தொப்பி, சால்வை எல்லாம் போட்டு மூடிப் பின் சீட்டில் இருத்திவிட்டுப் பட்டனை அமத்தினேன். கதவு நாலு விரல் உயரம் எழும்பி நின்றுவிட்டது. திரும்பவும் அமத்தினேன். மோட்டார் முனகியது, கதவு அசையவில்லை. அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, கதவுக்கு மேலே கம்பியில் கோத்திருக்கும் ஸ்பிரிங் முறிந்து நடுவில் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டிருந்தது.

அம்மா கார் கண்ணாடியை இறக்கி, "என்ன தம்பி, கதவு திறக்கேல்லையோ? நான் இறங்கட்டோ?" என்று கேட்டார். குரலில் பயம் இல்லை. பிள்ளைக்குக் கரைச்சல் கொடுக்கிறேனே என்ற கூச்சம்தான் இருந்தது. ஸ்பிரிங் மாற்றியாகிவிட்டது, கதவு நன்றாக வேலை செய்கிறது. அந்தக் குரல் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

கதவை இழுக்கும் மோட்டார்ப் பெட்டியான ஓப்பனரில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை அதிலிருந்து கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டுத் தகப்பனும் மகனும் நானுமாகக் கதவைத் தூக்கித் தோளில் தாங்கினோம். மனைவி காரை வெளியே எடுத்தார். டாக்சி கேட்டுப் பார்க்காமல் இல்லை, அந்தக் குளிரில் முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள்.

எடிசன்_கீதா:
தோளில் தாங்கினீர்களா! படிக்கும்போதே பதறுகிறது. உங்கள் நிலைமை புரிகிறது, ஆனால் ஸ்பிரிங் போன கதவை ஆள் பலத்தால் தூக்கலாம் என்று இதைப் படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கதவு பாதி திறந்த நிலையில் நின்றுபோனது. ஓப்பனர் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் அது அங்கே நிற்கிறது என்று அந்த வீட்டுக்காரருக்குத் தோன்றவில்லை. சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மொத்தக் கதவும் ஒரே இறக்கமாகத் தரையில் வந்து விழுந்தது. நான் எங்கள் டிரைவ்வேயில் நின்றுகொண்டிருந்தேன். அவர் மகளின் சைக்கிள் வாசலில் சாய்த்து வைத்திருந்தது, அதன் ஹேண்டில் மடங்கித் தரையோடு ஒட்டிப்போனது. அந்தக் குழந்தை சற்று முன்புவரை அந்த சைக்கிளைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அந்த வீட்டைக் கடக்கும்போது என் கண் அந்த வாசலுக்குத்தான் போகிறது.

அன்றைக்கே எங்கள் வீட்டுக் கயிற்றைச் சுருட்டி மேலே பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டிவிட்டோம். குழந்தைகள் கைக்கு எட்டாது. கதவின் மேல் இடுக்கு வழியாகக் கம்பியை விட்டு அந்தக் கயிற்றைக் கொக்கி போட்டு இழுத்துத் திருடர்கள் உள்ளே வருகிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கட்டி வைத்தால் இரண்டுக்கும் நிம்மதி.

ஃபிரிஸ்கோ_ரவி:
எங்களுக்கு ஸ்பிரிங் பிரச்சினை இல்லை, மொத்தமும் செத்துவிட்டது. ரிமோட் இல்லை, சுவர் பட்டன் இல்லை, விளக்கும் இல்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்கிய வாரம். கதவு ரிப்பேர் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்தார். ஏணி போட்டு ஏறியவர் மூடியைக்கூடக் கழற்றாமல் "போர்டு போய்விட்டது, புது ஓப்பனர்தான் போட வேண்டும்" என்று விலை எழுத ஆரம்பித்தார்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு ஆங்கிலப் பேச்சு பாதி புரியவில்லை. என்னைப் பார்த்து, "பிளக்குல கரண்ட் வருதான்னு மொதல்ல பாருடா" என்றார். ஹாலில் இருந்த டேபிள் லேம்ப்பை எடுத்துவந்து மேலே செருகச் சொன்னார். எரியவில்லை. பிறகு சுவர் ஓரமாக ஒவ்வொரு பிளக்காகப் பார்த்துக்கொண்டே போனார். டீப் ஃப்ரீசருக்குப் பின்னால் நடுவில் சின்னப் பட்டன் வைத்த பிளக் ஒன்று இருந்தது. அதை அழுத்தியதும் டக் என்று ஒரு சத்தம், மேலே ஓப்பனர் விளக்கு கண்ணடித்தது. அந்த ஒரு பாதுகாப்புப் பிளக் டிரிப் ஆனால் அதன் வழியே போகும் மற்ற பிளக்கெல்லாம் போய்விடும், சீலிங்கில் இருப்பது உட்பட. வந்தவர் ஒன்றும் பேசாமல் ஏணியை மடித்தார்.

அப்பா அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் நாள் முழுக்கப் பெருமையாக இருந்தது.

ஸ்கார்பரோ_கதவுவேலை:
இந்த வேலைதான் எனக்குக் கனடாவில் சோறு போட்டது. என் கதை சின்னது. ஒரு குளிர்காலக் காலையில் வயதான ஐயா ஒருவர் கூப்பிட்டார். கதவின் அடி ரப்பர் பனியில் தரையோடு உறைந்துவிட்டது, அவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அமத்தியிருக்கிறார். நான் போனபோது கதவின் மேல் தட்டு வளைந்து, ஓப்பனரின் கை அதைப் பிய்த்துக்கொண்டு தனியே தொங்கியது. கதவு மட்டும் ஒட்டிய இடத்திலேயே நின்றது. உள்ளேயிருந்து மோட்டார் சூடான மணம். அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியவர்களைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கதவைத் தூக்குவது மோட்டார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை, ஸ்பிரிங்தான் தூக்குகிறது. இரட்டைக் கார் கதவு 150 பவுண்டுக்கு மேல் போகும், அந்த எடையை ஸ்பிரிங் சமன் செய்து வைத்திருப்பதால்தான் ஒரு சின்ன மோட்டார் அதை நகர்த்துகிறது. சாதாரண ஸ்பிரிங் 10,000 தடவை திறந்து மூடும் கணக்கில் செய்யப்படுவது. ஒரு நாளைக்கு 4 தடவை என்றால் ஏழு வருடம்கூட முழுதாக வராது. கடுங்குளிரில் முறிவது அதிகம், மார்க்கம் தம்பி வீட்டில் நடந்ததுபோல.

கதவு திறக்காவிட்டால் முதலில் கையைப் பட்டனில் இருந்து எடுங்கள். மேலே பாருங்கள். ஸ்பிரிங்கில் இடைவெளி இருக்கிறதா, பக்கத்துக் கேபிள் தான் சுற்றியிருக்கும் டிரம் உருளையை விட்டுக் கழன்று தொங்குகிறதா? இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டும் நன்றாக இருந்தால், கதவு முழுதாக மூடியிருக்கும்போது மட்டும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் தூக்கிப் பாருங்கள். லேசாக எழும்பினால் கதவில் பிழையில்லை, ஓப்பனரில் தேடுங்கள். மோட்டார் சுற்றுகிறது, சங்கிலி ஓடவில்லை, அடியில் வெள்ளைத் தூள் கொட்டிக் கிடக்கிறது என்றால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. அது சின்னச் சாமான், முழு ஓப்பனரையும் மாற்றத் தேவையில்லை. சுவர் பட்டன் வேலை செய்து ரிமோட் மட்டும் செய்யவில்லை என்றால், சுவர்ப் பெட்டியில் லாக் பட்டனை யாராவது அமத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள், பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். ஓப்பனரில் புதிதாக எல்ஈடி பல்பு போட்டீர்களா என்றும் பாருங்கள், சில மலிவான பல்புகள் ரிமோட் சிக்னலைக் கெடுத்துவிடும். தரையருகே இருக்கும் சென்சாரை யாரும் குறை சொல்லாதீர்கள். அது கதவு மூடுவதைத்தான் நிறுத்தும், திறப்பதை நிறுத்தாது.

உறைந்த ரப்பருக்குக் கொதிநீர் ஊற்றாதீர்கள், அதுவே திரும்ப உறையும். ஹேர் டிரையர் பிடியுங்கள், காய்ந்த பிறகு ரப்பரில் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள்.

மார்க்கம் தம்பி, உங்கள் இடத்தில் நானும் தூக்கியிருப்பேன். ஆனால் தோளில் தாங்கியிருக்க மாட்டேன். கதவு மேலே போனதும் இரண்டு பக்க ரெயிலிலும் ரோலருக்குக் கீழே வைஸ் கிரிப்பை (பூட்டிக்கொள்ளும் குறடு) இறுக்கிப் பூட்டிவிட்டால் கை தவறினாலும் கதவு கீழே வராது. ஸ்பிரிங்கை நீங்களே கழற்றிப் பூட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். முறுக்கியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் கம்பி கையைப் பதம் பார்த்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். கதவின் அடிமூலையில் கேபிள் பூட்டியிருக்கும் பிராக்கெட்டும் அப்படித்தான், அந்த போல்ட்டைத் தொடாதீர்கள்.

சான்டாரோசா_மீனா:
எடிசன் கீதா அக்கா, உங்கள் பயம் நியாயம். ஆனால் தயவுசெய்து அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

2017 அக்டோபர் 8 இரவு, கலிஃபோர்னியாவில் எங்கள் ஊர்ப்பக்கம் எரிந்த டப்ஸ் காட்டுத்தீ. நள்ளிரவு தாண்டி மலைப்பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. மின்சாரம் போய்விட்டது. கணவர் வெளியூரில், வீட்டில் நானும் அம்மாவும். கார் கராஜுக்குள். கதவு திறக்கவில்லை. சிவப்புக் கயிறு இருக்க வேண்டிய இடத்தில் செல்போன் வெளிச்சத்தை அடித்தால், முன்பு இருந்த வீட்டுக்காரர் யாரோ அதைச் சுருட்டி ரெயிலோடு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி வைத்திருந்தது தெரிந்தது. நான் ஐந்தடி. அம்மா என்னைவிடக் குள்ளம். கதவின் அடி இடுக்கு வழியே புகை உள்ளே வந்துகொண்டிருந்தது.

அம்மா சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்தார். நான் கார் மேல் ஏறி அந்த டையை அறுத்தேன். அறுபடவே இல்லை. கீழே அம்மா வெளிச்சம் பிடித்துக்கொண்டு "முருகா முருகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஆனால் கை ஆடவே இல்லை. அந்த வெளிச்சம் ஆடியிருந்தால் என்னால் அறுத்திருக்க முடியாது.

கயிறு வந்ததும் கதவு ஒரே தூக்கில் மேலே போனது, ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தது. அந்தத் தீக்களில் கராஜ் கதவைத் திறக்க முடியாமல் இறந்தவர்களும் உண்டு. அதனால்தான் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. 2019 ஜூலை 1 முதல் வீடுகளுக்குப் புதிதாக விற்கும், பொருத்தும் ஓப்பனரில் மின்சாரம் போனாலும் கதவைத் திறக்க உதவும் பேட்டரி இருந்தாக வேண்டும். பழைய ஓப்பனர் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கயிறுதான் வழி.

எடிசன்_கீதா:
மீனா, படித்ததும் கராஜுக்குப் போய் டையை வெட்டிவிட்டேன். ஆனால் திருடர் விஷயத்தை என்ன செய்வது? குழந்தைகள் விஷயத்தை?

ஸ்கார்பரோ_கதவுவேலை:
கயிறு தொங்கட்டும், நுனியில் இருக்கும் கைப்பிடியை மட்டும் கழற்றிவிடுங்கள். வெளியிலிருந்து கம்பி விட்டால் எளிதில் மாட்டாது, உள்ளே நிற்பவர் கயிற்றைச் சுற்றிப் பிடித்து இழுக்கலாம். கயிறு கட்டியிருக்கும் லீவரை மறைக்கும் தடுப்புத் தகடும் கடையில் கிடைக்கும். பிள்ளைகளுக்கு, மூடிய கதவில் ஒரு தடவை இழுத்துக் காட்டிவிடுங்கள். கதவு திறந்திருக்கும்போது அதைத் தொடக்கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

மார்க்கம்_வடலி:
அண்ணா, ஒரு கேள்வி. எனக்கு முறிந்தது இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று. வந்தவர் இரண்டையும் மாற்றினார், காசும் இரண்டுக்கும் வாங்கினார். தேவைதானா? இன்னொன்று, என் தம்பியின் வீட்டில் கராஜ் தனியாக நிற்கிறது, வேறு வாசல் இல்லை. கரண்ட் போனால் வெளியிலிருந்து எப்படித் திறப்பது?

ஸ்கார்பரோ_கதவுவேலை:
தேவைதான் தம்பி. இரண்டும் ஒரே நாளில் போட்டது, ஒரே அளவு உழைத்தது. ஒன்று முறிந்தால் மற்றது பின்னாலேயே வரும், அதற்கும் ஒருமுறை கூலி கொடுப்பீர்கள். உங்களை அவர் ஏமாற்றவில்லை.

தனிக் கராஜுக்குச் சாவி ரிலீஸ் பூட்டலாம். கதவின் மேல் தட்டில் சின்னத் துளை போட்டு ஒரு பூட்டு வைப்பார்கள், அதிலிருந்து கேபிள் அந்தச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கும் லீவருக்குப் போகும். சாவியைத் திருப்பிப் பூட்டோடு வெளியே இழுத்தால் கதவு ஓப்பனரிலிருந்து கழன்றுவிடும், பிறகு கையால் தூக்கலாம். சாவியைக் கராஜுக்குள் தொங்கவிடாமல் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.