பத்மினியில் ஏலகிரி: கிளப் சந்திப்பு, 2 இரவு கூடாரம். வண்டியை எப்படித் தயார் செய்வது?

பத்மினி83 கேட்டது:
பழைய கார் கிளப்பின் வார இறுதிச் சந்திப்பு ஏலகிரியில். தனியார் தோட்டத்தில் 2 இரவு கூடாரம். வண்டி 1983 பிரீமியர் பத்மினி, ஒரிஜினல் கார்புரேட்டர், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். 3 பேர், சாமான் எல்லாம் மேலே கேரியரில். ஓடும்போது சூடு ஏறுவதில்லை. ஆனால் மேடு ஏறி நிறுத்தினால் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆவதில்லை. ஏர் லாக்தானா? எலெக்ட்ரிக் பம்ப் போட்டால் தீருமா? கூடாரத்துக்கு லைட்டும் சின்ன கூல் பாக்ஸும் வண்டி பேட்டரியில் ஓட்டலாமா?

கொண்டைஊசி:
ஏர் லாக் என்று முடிவு கட்டாதீர்கள். இதே அறிகுறிக்கு மூன்று காரணம் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. இன்ஜினை நிறுத்தியதும் ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும், பிளாக்கில் இருக்கும் சூடு போக இடமில்லாமல் பானட்டுக்குள்ளேயே ஏறும். அதனால்தான் ஓடும்போது வராத தொல்லை நின்றபின் வருகிறது.

அடுத்த முறை அப்படி நின்றால் ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லிங்கை ஒருமுறை இழுங்கள். பெட்ரோல் பீச்சவில்லை என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம் காலி. பம்பிலோ லைனிலோ பெட்ரோல் ஆவியாகிவிட்டது, அதுதான் ஏர் லாக். பம்பின் மேல் ஈரத்துணி போட்டு, கை லீவர் இருந்தால் அதை அடித்து நிரப்புங்கள். உள்ளே ஏற்கெனவே நனைந்து, பெட்ரோல் வாடை தூக்கினால் நேர் எதிர்: கிண்ணத்தில் கொதித்த பெட்ரோல் உள்ளே வழிந்திருக்கிறது. சோக் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள், திரும்பத் திரும்ப மிதிக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் ஸ்பார்க் பாருங்கள். சூட்டில் சோர்ந்துபோகும் இக்னிஷன் காயிலும் கண்டென்சரும் இதே நாடகம்தான் ஆடும்.

ஏர் லாக் என்றே தெரிந்தால் முதலில் ஹோஸ். இப்போது கிடைக்கும் ஈ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடுகிறது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உறிஞ்சும் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பெட்ரோல் சொட்டாது, காற்றை இழுக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாக மொத்தமாக மாற்றுங்கள். பம்ப் டயாஃப்ரம் பழசு என்றால் அதையும்.

எலெக்ட்ரிக் பம்ப் கடைசி வழி. போட்டே ஆகவேண்டும் என்றால் கார்புரேட்டர் வண்டிக்கான 2.5 முதல் 3.5 பி.எஸ்.ஐ தரும் பம்பாக இருக்கட்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப் 3 பாருக்கு (சுமார் 43 பி.எஸ்.ஐ) மேல் தள்ளும், கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் வழியும். பம்பை டேங்குக்குப் பக்கத்தில் வையுங்கள், அது தள்ளுவதற்குப் பிறந்தது, இழுப்பதற்கு அல்ல. ஆயில் பிரஷர் இல்லாவிட்டால் பம்பை நிறுத்தும் ஸ்விட்ச் இல்லாமல் போடவே போடாதீர்கள்.

டைனமோ22:
லைட் சரி, கூல் பாக்ஸ் கூடாது. 5 வாட் எல்.இ.டி. 12 வோல்ட்டில் 0.4 ஆம்பியர்தான் எடுக்கும், 6 மணி நேரம் எரிந்தாலும் 2.5 ஆம்பியர்-அவர். 45 வாட் கூல் பாக்ஸ் கிட்டத்தட்ட 4 ஆம்பியர். உங்கள் பேட்டரி 35 ஏ.ஹெச் என்றால் 5 மணி நேரத்தில் பாதிக்கு மேல் காலி, விடியற்காலை குளிரில் செல்ஃப் இழுக்காது. இன்ஜினை ஐடிலில் விட்டு ஏற்றலாம் என்ற யோசனை டைனமோ வண்டியில் நடக்காது, அந்த வேகத்தில் அது சார்ஜே தராது. ஐஸ் போட்ட பெட்டி போதும். இல்லையென்றால் கூடாரத்துக்குத் தனி பேட்டரி.

வெள்ளைக்கார டிசைன் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். பக்கத்து வண்டிக்கு ஜம்பர் கேபிள் கொடுக்கும் முன் பேட்டரியில் எந்த முனை பாடியில் சேர்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மார்க்2அம்பி:
கேரியர் விஷயம் யாரும் சொல்லவில்லை. ஏலகிரி ஏற்றத்தில் 14 கொண்டை ஊசி. தலைக்கு மேல் கனம் இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும். ஸ்டவ், தண்ணீர் கேன், டூல்ஸ் எல்லாம் டிக்கியிலும் பின்சீட்டுக் காலடியிலும், மேலே கூடாரமும் போர்வையும் மட்டும்.

பத்மினி முதல் கியரில் சிங்க்ரோ (ஓடும்போது கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) இல்லை. வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள், நடுவளைவில் முதல் கியரைத் தேடி கரகரவென்று அரைக்காதீர்கள். இறங்கும்போதும் ஏறிய அதே கியர். நான்கு சக்கரமும் டிரம் பிரேக், தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிப்பு போகும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், 2 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றுங்கள், டாட் 3. வீல் சிலிண்டர் ரப்பருக்குள் ஈரம் தெரிந்தால் அதோடு மலை ஏறக் கூடாது.

ரேடியேட்டர் மூடி சந்தேகம் என்றால் புதிது போடுங்கள், ஆனால் பழையதில் உள்ள பி.எஸ்.ஐ எண்ணே இருக்கட்டும். இன்றைய வண்டியின் 13 பி.எஸ்.ஐ மூடி போட்டால் பழைய ரேடியேட்டர் கோர் பிளந்துவிடும்.

பத்மினி83:
நன்றி. கூல் பாக்ஸ் வீட்டிலேயே. உதிரியாக என்னென்ன? காலைப் பனியில் ஸ்டார்ட் ஆகாவிட்டால்?

கொண்டைஊசி:
பனி என்றால் முதல் சந்தேகம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிதான். கழற்றி உள்ளே காய்ந்த துணியால் துடையுங்கள், பிளக் வயர்களையும். உதிரி: ஃபேன் பெல்ட், பாயின்ட் செட், ரோட்டார், 2 பிளக், ஹோஸ் அரை மீட்டர், கிளாம்ப், ஃபியூஸ். கண்டென்சர் மட்டும் புதிதை நம்பி எடுத்துப் போகாதீர்கள், வண்டியில் போட்டு ஓட்டிப் பார்த்து நல்லது என்று தெரிந்ததை உதிரியாக வையுங்கள். இப்போது வருபவற்றில் பெட்டியிலேயே செத்துப் பிறப்பவை அதிகம். 2 கிலோ பவுடர் தீயணைப்பான் டிக்கியில் அல்ல, டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில்.

மார்க்2அம்பி:
காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள், சைலன்சர் சூடு போதும் பற்றிக்கொள்ள. சக்கரத்துக்குக் கல், இன்ஜினுக்குக் கீழே ஒரு பழைய தட்டு. ஆயில் சொட்டினால் தோட்டக்காரர் அடுத்த வருடம் இடம் தரமாட்டார். கரி அடுப்பை எவ்வளவு குளிரினாலும் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், அணைந்த மாதிரி இருக்கும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும்.