ஓடுதா?

கரிசல்காட்டான்:

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் பாசத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பாவுக்கு அதற்கென்று இரண்டு வாக்கியங்கள்தான் உண்டு: "சாப்பிட்டியால?", "பாத்துப் போ." நானும் "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். முப்பது வருடம் இப்படியே போனது.

அப்புறம் சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்தது. ரத்தத்தை மெஷின் வழியாக ஓடவிட்டுச் சுத்தம் செய்கிற டயாலிசிஸுக்கு, வாரம் இரண்டு முறை கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குக் கூட்டிப்போவேன். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் எடை பார்ப்பார்கள். உடம்பில் தேங்கிய நீர் எவ்வளவு வெளியேறியது என்று அதில் தெரியும். வீட்டில் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். நூற்பாலைப் புழுக்கத்தில் செம்பு செம்பாகக் குடித்த மனிதர், ஒரு மடக்கை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

இடது கையில் ஃபிஸ்டுலா செய்திருந்தார்கள். தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்துவிடுவார்கள். ரத்தம் வேகமாகப் பாய்ந்து அந்தச் சிரை பருத்துவிடும், அதில்தான் ஊசி குத்துவது. மேலே விரல் வைத்தால் மோட்டார் ஓடும்போது குழாயைத் தொட்டதுபோல ஒரு அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் அடைப்பு. உடனே ஓட வேண்டும். தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு விரல் நுனிகள் மரத்துப்போயிருந்ததால் அந்த வேலை எனக்கு வந்தது.

சின்ன வயதுக்குப் பிறகு நான் அப்பாவின் கையைப் பிடித்ததே இல்லை. இப்போது தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் பிடிப்பேன்.

"ஓடுதா?"

"ஓடுதுப்பா."

ஒரு நாள் பக்கத்துக் கட்டிலுக்கு வழக்கமாக வருகிற பெரியவர் வரவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை; அங்கே கேட்க மாட்டார்கள். எனக்கு நெஞ்சை அடைத்தது. பாசம் என்கிற சொல் வாயில் வரவில்லை, அதனால் நடந்த ஒன்றைச் சொன்னேன். "பத்தாவது பரீட்சையப்ப, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்காம என்னைய சைக்கிள்ல வச்சு சென்டர் வரைக்கும் விட்டீங்கப்பா. எல்லாப் பரீட்சைக்கும். அதுக்கு நான் ஒண்ணுமே சொன்னதில்ல. இன்னும் அதை நெனச்சுக்கிட்டே இருக்கேன்."

அவர் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சைக்கிள் அவருக்கு நினைவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஏல, சட்டைப்பையில அஞ்சு ரூவாயக் காணும்னு ஒன்னய அடிச்சேம்லா. அது ஒங்கம்மா முந்தானையில இருந்துச்சு. ஒங்கிட்ட நான் சொல்லவே இல்ல."

அந்த அடி எனக்கு மறந்தே போயிருந்தது. அவர் அதை அத்தனை வருடமாகச் சுமந்திருக்கிறார். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார்.

அதற்குப் பிறகு பதினொரு மாதம் இருந்தார். தயங்குகிறவர்களே, பெரிய வார்த்தை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அவர்கள் உங்களுக்காகச் செய்த ஒன்றை, இன்ன நாள், இன்ன இடம் என்று சொல்லுங்கள். அவர்களிடமும் நமக்குச் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது.

இரவுப் பணி:

நான் புற்றுநோயாளிகளுக்கான வலிதணிப்பு வார்டில் நர்ஸ். கண் திறக்காமல் கிடப்பவரின் தலைமாட்டிலேயே நின்று, உடலை ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். எனக்குத் தாங்காது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாகும் தறுவாயில் நினைவின்றி இருந்தவர்களுக்கு ஒலிகளைக் கேட்கவைத்து, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து 2020-இல் வெளியிட்டார்கள். சிலருடைய மூளை, நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களின் மூளையைப் போலவே அந்த ஒலிகளுக்கு அசைந்துகொடுத்தது. கேட்டது புரிந்ததா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. எனக்கு அது போதும். காதருகே போய்ப் பேசுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஒரு மகளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கடைசியில் அம்மாவின் மீன் குழம்பை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எப்போது புளி கரைப்பது, எப்போது மாங்காய் போடுவது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "சரியா சொல்றேனாம்மா?" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டாள். நான் மருந்து ஏற்றப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கீழக்கரை மகள்:

இதைப் படித்ததும் வாப்பா ஞாபகம். எண்பதுகளில் சவுதியில் இருந்தார். போன் பேசக் காசு கட்டாது. லீவில் வருகிறவர்களிடம் கேசட் கொடுத்துவிடுவோம். நாங்கள் பிள்ளைகள் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கத்துவோம். உம்மா மட்டும் நாங்கள் தூங்கிய பிறகு தனியாகப் பதிவு செய்வார்.

போன வருடம் பழைய டிரங்குப் பெட்டியில் அதில் ஒன்று கிடைத்தது. உம்மா பேசுவது அரை நிமிடம்கூட இல்லை. மழை பெய்தது, முருங்கை சாய்ந்துவிட்டது, பிள்ளைகள் நலம். அவ்வளவுதான். பிறகு டேப் முடியும்வரை வெறும் இரைச்சல், நடுவில் ஒரு வளையல் சத்தம். அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

வாப்பாவிடம் போட்டுக் காட்டினேன். "இதத்தான் ராத்திரி ராத்திரி கேப்பேன்," என்றார். "அந்தப் பேசாத இடத்த."

"உம்மாட்ட இதச் சொல்லிருக்கீங்களா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"உம்மா அடுப்படியிலதான் இருக்காங்க வாப்பா."

கொஞ்ச நேரம் கைலியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். நான் திண்ணையிலேயே இருந்துகொண்டேன்.